2007-க்கு அப்புறம் எஃப்பிஎஸ்ல புதுசா என்ன வந்துச்சு? ஒண்ணு சொல்லுங்க பாப்போம்

#1 காசிமேடு_கேம்பர்

நேரா மேட்டருக்கு வரேன். எஃப்பிஎஸ்னா நம்ம கண்ணு வழியாவே பாத்துச் சுடுற கேம். 1993 டூம்ல ஆரம்பிச்சு 2007 வரைக்கும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருத்தன் வந்து ஆட்டத்தையே புரட்டிப் போட்டான். 1996 குவேக்ல முழு 3டி. 1998 ஹாஃப்-லைஃப்ல கதை ஓடும்போதும் கன்ட்ரோல் நம்ம கைலயே இருந்துச்சு. 2001 ஹேலோல ரெண்டே துப்பாக்கி, தானா ஏறுற ஷீல்டு. 2004 ஹாஃப்-லைஃப் 2ல கிராவிட்டி கன். 2007ல மட்டும் போர்ட்டல், பயோஷாக், கால் ஆஃப் டூட்டி 4ன்னு மூணு.

அப்புறம் என்ன? கால் ஆஃப் டூட்டி 4 போட்ட சட்டம்தான் இன்னிக்கும். எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) ஏத்து, துப்பாக்கி அன்லாக் பண்ணு, மூணு பேரை அடிச்சா ரேடார், அஞ்சுன்னா விமானத் தாக்குதல், ஏழுன்னா ஹெலிகாப்டர். கதைப் பகுதியும் அதே கதைதான்: தடுப்புக்குப் பின்னாடி குந்து, திரை சிவப்பு போற வரைக்கும் காத்திரு, எட்டிப் பாரு, ரைட் கிளிக், சுடு.

ஸ்கின் (வெறும் மேல்வேஷம்), மேப், ரே டிரேசிங் (ஒளியை நிஜம் மாதிரி வரையுறது), பேட்டில் பாஸ் (காசு கட்டி வாங்குற பரிசு வரிசை) எதுவும் கணக்குல வராது. சுடுறதுல என்ன மாறிச்சு? அதை மட்டும் சொல்லுங்க.

#2 வ.பேட்டை_ஹெட்ஷாட்

புகை.

சிரிக்காதீங்க. சிஎஸ்: ஜிஓல (கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்) ஸ்மோக் குண்டோட புகை அவங்கவங்க கம்ப்யூட்டர் தனியா வரையுற வெறும் படம். அதனால ஒருத்தனுக்கு ஓரம் தெரியும், எதிர்ல இருக்கிறவனுக்குத் தெரியாது. அதை வெச்சே ஒரு வித்தை ஓடிக்கிட்டிருந்துச்சு. 2023 செப்டம்பர்ல வந்த சிஎஸ் 2ல புகைக்குக் கன அளவு இருக்கு, எல்லாருக்கும் ஒரே புகை. கதவு திறந்திருந்தா வெளிய வழியும், படிக்கட்டு இருந்தா இறங்கும், சின்ன ரூம்னா கூரை வரைக்கும் நிரம்பும். சுட்டா தோட்டா போன கோட்டுல கீறல் விழும். எச்இ குண்டு (வெடிக்கிற கைக்குண்டு) போட்டா நடுவுல ஓட்டை.

இதுல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு. எச்இ போட்டுட்டு ஓட்டை வழியா எட்டிப் பாக்கணும்னு அவசரப்படுறாங்க. அந்த ஓட்டை எதிராளிக்கும் அதே ஓட்டைதான். குண்டு உங்களுது, அதனால எப்போ வெடிக்கும்னு தெரிஞ்ச ஆள் நீங்க. வெடிக்கிறதுக்கு முன்னாடியே தலை உயரத்துல குறி வெச்சு நின்னு, அசையாம சுடணும். ஓடிக்கிட்டே பாத்தா, முன்கூட்டியே தெரிஞ்ச அந்த லாபம் போச்சு.

#3 காசிமேடு_கேம்பர்

புகை நல்ல பாயிண்ட்தான், ஒத்துக்கிறேன். ஆனா அது பாக்குறதுல வந்த மாற்றம். சுடுற கை மாறலையே?

#4 வியாசர்பாடி_ஜைரோ

இன்னா தல, கை மாறலன்னு சொல்லிக்கினு கம்ப்யூட்டரை மட்டும் பாத்தா எப்டி? போனை எடுத்துப் பாருபா. 2018ல பப்ஜி மொபைல் வந்துச்சு, 2020 செப்டம்பர்ல தடை பண்ணாங்கோ, 2021 ஜூலைல பிஜிஎம்ஐன்னு பேரை மாத்தி வந்துச்சு. இந்த கேப்புல நம்ம ஏரியா பசங்க மவுஸ் தொடாமயே ஒரு புது கை கத்துக்கினாங்கோ. ஜைரோ, அதாவது போனையே சாய்ச்சு குறி பாக்குறது.

வேலை இப்டித்தான். பெரிய திருப்பம் கட்டைவிரல்ல, கடைசி ஒரு விரக்கடை குறி மணிக்கட்டுல. ஸ்ப்ரே (விடாம சுடுறது) அடிக்கும்போது துப்பாக்கி மேல ஏறும்ல, போனை மெதுவா முன்பக்கம் சாய்ச்சா குறி கீழ நிக்கும். கட்டைவிரல் சும்மாவே இருக்கலாம். பிஜிஎம்ஐல எஃப்பிபி மோடும் (கண்ணு வழியா பாக்குறது) கீது, கால் ஆஃப் டூட்டி மொபைல்ல மல்டிபிளேயர் எஃப்பிபிதான். ரெண்டுலயும் ஓடும்.

கத்துக்கணும்னா:

ஜைரோ "எப்பவும் ஆன்" வெச்சுடு. "ஸ்கோப்ல மட்டும்"னு வெச்சா ரெண்டு விதமா கை பழகி கடைசில ரெண்டும் வராது. ஸ்கோப் இல்லாததுக்கும் ரெட் டாட்டுக்கும் (சிவப்புப் புள்ளி குறிக்கண்ணாடி) ஜைரோ சென்சிட்டிவிட்டியை 300-ல ஆரம்பி. ஸ்கோப் பெரிசாக பெரிசாக எண்ணைக் குறை. பயிற்சி மைதானத்துல சுவத்துல ஒரு மேகஸின் முழுக்க அடி. ஓட்டைங்க மேல போச்சுன்னா நம்பரை ஏத்து, கீழ போச்சுன்னா இறக்கு. ஒரு தபா அஞ்சு பத்து மட்டும் மாத்து. மேட்ச் தோத்த கடுப்புல மொத்தமா மாத்துனா கலீஜாயிடும்.

மே மாசத்துல நம்ம ஊர்ல போன் கொதிக்கும். சூடானா பிராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும், செகண்டுக்கு 60 ஃப்ரேம் 40க்கு விழும், கை வேற திரை வேறன்னு ஆயிடும். கேஸை கழட்டு, சார்ஜ் போட்டுக்கினே ஆடாத, வெளிச்சத்தைக் குறை. வேர்வைக்கு விரல் உறை கீது, அது போட்டா சோக்கா வழுக்கும்.

#5 பெரம்பூர்_லோகோ

ஜைரோ தம்பி சொன்னது இந்த இழையிலயே நல்ல பதில். நிண்டெண்டோவோட ஸ்பிளாட்டூன் 2015லயே இதைக் கொண்டுவந்துச்சு. ஆனா கோடிக்கணக்கான கைல சேத்தது போன்தான். கம்ப்யூட்டர் விமர்சகருங்க இதைக் கண்டுக்கறதே இல்லை.

மவுஸ் பக்கம் ஏன் மாறலன்னு கேட்டா, அங்க மாத்துறதுக்கு இடமே கம்மி. சிஎஸ்ல ஆளுக்கு உயிர் 100. ஏகே-47 ஒரு தோட்டாவுக்கு 36 குறைக்கும். தலைன்னா நாலு மடங்கு, 144. ஹெல்மெட் இருந்தா அதுல 77.5 விழுக்காடுதான் உள்ள போகும்: 111. கிட்டத்துல ஆள் காலி. எதிர் டீமோட எம்4ஏ4 கணக்கு 33 × 4 × 0.7, அதாவது 92. எட்டு உயிர் மிச்சம். அந்த எட்டுலதான் ரெண்டு டீமோட மொத்தத் திட்டமும் வேற வேறயாகுது. நெஞ்சுல சுட்டா, கவசத்தோட, ஏகேக்கு நாலு தோட்டா. நிமிஷத்துக்கு 600 தோட்டா, அப்போ முதல் தோட்டாவுக்கும் நாலாவதுக்கும் நடுவுல 300 மில்லி செகண்ட். கண்ணால பாத்து கை அசையவே 200 ஆகும். மிச்சம் 100. அந்த நூறுக்குள்ள புதுசா ஒரு செயலைத் திணிச்சா மனுஷக் கைக்கு எட்டாது.

கேரம் மாதிரிதான் இது. போர்டு 74 செ.மீ., ஒம்பது கறுப்பு, ஒம்பது வெள்ளை, ஒரு ரெட். ராயபுரம் பக்கம் எந்தக் கிளப்லயும் போர்டு பழசாயிடுச்சுன்னு யாரும் புகார் சொல்றதில்லை.

#6 காசிமேடு_கேம்பர்

கேரம் போர்டுக்காரன் வருஷா வருஷம் அதே போர்டுக்குப் புது பெயின்ட் அடிச்சு அஞ்சாயிரம் ரூபா கேக்கலையே அண்ணே.

#7 பெரம்பூர்_லோகோ

😄 அது நியாயம். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

#8 எண்ணூர்_சாம்பல்

எல்லாரும் மல்டிபிளேயரையே பேசுறீங்க. நிஜமா உறைஞ்சு போனது எதிரியோட மூளை.

2005ல ஃபியர்னு ஒரு கேம் வந்துச்சு. அதுல எதிரிச் சிப்பாய்க்கு "இங்க நில், இப்போ சுடு"ன்னு எழுதி வைக்கலை. ஒரு குறிக்கோள், கூடவே செய்யக்கூடிய செயல்களோட பட்டியல். ஒவ்வொரு செயலுக்கும் முன்நிபந்தனை என்ன, பலன் என்ன, செலவு என்ன. எந்த வரிசைல செஞ்சா குறிக்கோள் கிடைக்கும்னு அவனே கோத்துக்குவான். வழி அடைபட்டா ஜன்னல் வழியா குதிப்பான், மேஜையைக் கவுத்து மறைவு பண்ணிக்குவான். இன்னொரு சூட்சுமம் பேச்சு. "அவன் தூணுக்குப் பின்னாடி இருக்கான்"னு கத்துவான். பாதி புத்திசாலித்தனம் அந்தக் கத்தல்தான். அதை எடுத்துட்டா அதே சிப்பாய் சாதாரணமா தெரிவான்.

ஏன் தொடரலை? எதிரி 300 மில்லி செகண்ட்ல செத்தா, அவன் திட்டம் போட்டதை யார் பாக்குறது? திட்டம் தெரியணும்னா அவன் அஞ்சாறு செகண்டாவது உயிரோட இருக்கணும், ரூமுக்கு ரெண்டு மூணு வாசல் வேணும். பெரிய பட்ஜெட் கதைல ரூமுக்கு ஒரே வாசல். குறிச்ச நேரத்துல கட்டடம் இடியணும், அந்த நேரத்துல எதிரி சொந்தப் புத்தில வேற எங்கயாவது போய் நின்னா காட்சி கெட்டுச்சு. அதனால மூளையைக் கழட்டி வெச்சுட்டாங்க.

2008 லெஃப்ட் 4 டெட் வேற வழி புடிச்சுது. ஒவ்வொரு ஆளோட பதட்டத்தையும் அளந்து, ஏறிட்டா ஜாம்பி கூட்டத்தை நிறுத்தி மூச்சு விட வைக்கும், இறங்கினா மறுபடி அனுப்பும். அதே மேப் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி ஓடும்.

கேம்பர் சொன்ன "குந்து, காத்திரு"க்கு நேர் பதில் 2016 டூம். உயிர் குறைஞ்சா ஓடி ஒளியாதே, எதிரிகிட்ட போய் அடி, அங்கதான் உயிர் கொட்டும். 2020 டூம் எடர்னல் அதை இன்னும் இறுக்குச்சு: கையால முடிச்சா உயிர், ரம்பத்தால அறுத்தா தோட்டா, நெருப்பு ஊதினா கவசம். காக்கோடீமன்ங்கிற பேயோட வாய்க்குள்ள ஒட்டுகுண்டு போட்டா உடனே தடுமாறும். அராக்னோட்ரான்ங்கிற பேயோட முதுகுத் துப்பாக்கியை முதல்ல உடைக்கணும். இது புதுமை இல்லன்னா எது? ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரே சாவிதானான்னு சிலருக்குக் கடுப்பு. அந்தக் கடுப்பு எனக்கும் உண்டு.

2025 மே மாசம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் கேடயத்தை வெச்சு வேகத்தைக் குறைச்சிருக்கு. ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், குறைஞ்சபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. பழைய கார்டு வெச்சிருக்கிறவங்க வாங்கிட்டு ஏமாறாதீங்க.

#9 மூலக்கடை_லேன்

கேமிங் சென்டர் நடத்துற கணக்குல ஒரு விஷயம். புது கேம் ஆட ஆசை இருந்தாலும் உள்ள போற வாசல் சின்னதாயிடுச்சு. ஏமாத்துக்காரனைத் தடுக்கத்தான் இது. விண்டோஸ் 11ல வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழுப்புற அமைப்பு) ரெண்டும் வேணும். பேட்டில்ஃபீல்டு 6க்கும் செக்யூர் பூட் வேணும். வேலரண்ட்ல பிழை 9001, 9003 வந்தா கேமை அழிச்சு மறுபடி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

முதல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு மென்பொருள்) மோடு பாருங்க. யுஇஎஃப்ஐன்னு இருந்தா பயாஸுக்குள்ள போய் செக்யூர் பூட் ஆன் பண்ணுங்க, டிபிஎம்முக்கு இன்டெல்னா பிடிடி, ஏஎம்டினா எஃப்டிபிஎம் ஆன் பண்ணுங்க, முடிஞ்சுது. லெகசின்னு இருந்தா டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய முறைல இருக்குன்னு அர்த்தம். நேரா சிஎஸ்எம்மை (பழைய முறைல எழுப்புற வசதி) ஆஃப் பண்ணினா விண்டோஸ் எழும்பாது. முதல்ல பேக்கப். அப்புறம் விண்டோஸ்லயே இருக்கிற எம்பிஆர்-டு-ஜிபிடி கருவில வேலிடேட் பண்ணி, அது சரின்னு சொன்னா மட்டும் கன்வெர்ட். அதுக்கப்புறம்தான் பயாஸ். பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) ஆன்ல இருந்தா ரெகவரி கீயைத் தாள்ல எழுதி வெச்சுக்குங்க, பயாஸ் மாத்தினதும் அதைத்தான் கேக்கும்.

அப்புறம், எண்ணூர், காசிமேடு பக்கம் உள்ளவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ராமைக் கழட்டி, தங்க நிறக் கால்களை ரப்பரால தேய்ச்சுப் போடுங்க. உப்புக் காத்துல படிஞ்ச பச்சைதான் பாதி பேருக்கு "கேம் கிராஷ்".

#10 வ.பேட்டை_ஹெட்ஷாட்

அந்த வாசலுக்குப் பின்னாடிதான் காசும் மூளையும் போயிருக்கு. வேலரண்ட்ல உங்க கண்ணுக்கு எட்டாத எதிரி எங்க இருக்கான்னு சர்வர் உங்க கம்ப்யூட்டருக்குச் சொல்லவே சொல்லாது. அப்போ வால்ஹேக் (சுவர் தாண்டி எதிரியைக் காட்டுற ஏமாத்து மென்பொருள்) போட்டவனுக்கும் காட்ட ஒண்ணும் இல்லை. 128 டிக், அதாவது 7.8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை உலகத்தைக் கணக்குப் போடுது. 64 டிக்ல 15.6.

2023 டிசம்பர்ல வந்த தி ஃபைனல்ஸ்ல கட்டடம் இடியிறதே சர்வர்ல நடக்குது. 2010 பேட் கம்பெனி 2லயும் வீடு இடிஞ்சுது, ஆனா இங்க ஒவ்வொரு இடிபாடும் எல்லாருக்கும் ஒரே இடத்துல கிடக்கும், அதுக்குப் பின்னாடி நம்பி ஒளியலாம். 2015 ரெயின்போ சிக்ஸ் சீஜ்ல அஞ்சு பேருக்குச் சேத்து பத்து இரும்புத் தடுப்பு, தாக்குற டீமுக்கு முதல் 45 செகண்ட் வெறும் ட்ரோன் வேவு. எந்தச் சுவரை அடைக்கிறது, எதை விடுறது, அதுலயே பாதி மேட்ச் முடிஞ்சுடும். 2025 ஜூன்ல இருந்து இலவசமாவே ஆடலாம்.

#11 காசிமேடு_கேம்பர்

128 டிக்னு இவ்வளவு சொல்றீங்க. சுவத்துக்குப் பின்னாடி போனப்புறமும் ஏன் சாகுறோம்?

#12 பெரம்பூர்_லோகோ

அது கோளாறு இல்லை, தெரிஞ்சே எடுத்த முடிவு. சுட்டவன் திரைல நீங்க எங்க இருந்தீங்களோ, சர்வர் நேரத்தை அந்தக் கணத்துக்குப் பின்னோக்கி ஓட்டிப் பாத்து, பட்டுச்சா இல்லையான்னு தீர்ப்பு சொல்லும். அவன் 60 பிங்ல (சர்வருக்குப் போய் வர ஆகுற மில்லி செகண்ட்) இருந்தா, அவன் பாக்குற நீங்க பழைய நீங்க. இப்படிப் பண்ணலன்னா ஓடுற ஆளுக்கு முன்னாடி, பிங் கணக்குப் பண்ணி, வெத்து இடத்துல சுடணும். 1990கள்ல அப்படித்தான் ஆடினாங்க.

நம்ம கைல இருக்கிறது பிங் மட்டும்தான். சர்வர் மும்பைல இருந்தா, சென்னை-மும்பை நேர்க்கோட்டுல ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடி இழைல ஒளி செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர 10 மில்லி செகண்டுக்குக் கீழ இயற்கையிலயே முடியாது. கேபிள் சுத்தி வரும், ரௌட்டருங்க இருக்கு, அதனால 25-30 வந்தா நல்ல லைன். 70, 80ன்னு காட்டினா டிரேஸ் ரூட் (பாக்கெட் போற வழியைக் காட்டுற கட்டளை) போடுங்க. நடுவுல சிங்கப்பூர் பேர் வந்தா, உங்க பாக்கெட் கடல் கேபிள்ல போய்த் திரும்பி மும்பைக்கு வருது. அந்த முடிவோட சர்வீஸ்காரங்ககிட்ட புகார் குடுங்க. "ஸ்லோவா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டிட்டுப் போயிடுவாங்க. வைஃபை வேண்டாம், லேன் வயர் இழுங்க. நெருக்கமான தெருவுல 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல பக்கத்து வீட்டு ரௌட்டர் எல்லாம் ஒரே சேனல்ல முட்டிக்கும். சராசரி பிங் நல்லாவே காட்டும், நடு நடுவுல 200க்கு எகிறும்.

#13 திருவொற்றியூர்_தேரடி

அண்ணன்மாரே, என்கிட்ட 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம். ரே டிரேசிங் எல்லாம் நமக்கு எட்டாது. புதுசா ஏதாவது ஆடலாமா?

#14 எண்ணூர்_சாம்பல்

தாராளமா. இதுல பாதி அந்தக் கார்டுக்கு ஒரு சுமையே இல்லை. ஸ்டீம் சேல்ல புடிங்க.

டைட்டன்ஃபால் 2 (2016): செட்டிங் குறைச்சு வெச்சா நல்லா ஓடும். "எஃபெக்ட் அண்ட் காஸ்" லெவலுக்காகவே வாங்கலாம். ஒரு பட்டன்ல இறந்தகாலம், நிகழ்காலம் மாறும். உள்ள நடக்குறது எளிசு: ஒரே கட்டடத்தோட ரெண்டு பிரதி ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு, பட்டன் அமுக்கினா உங்களைத் தூக்கி மேலயோ கீழயோ வைக்குது.

சூப்பர்ஹாட் (2016): நீங்க அசைஞ்சாதான் நேரம் அசையும்.

ரிசீவர் 2 (2020): ரிலோடுக்குன்னு ஒரு பட்டன் கிடையாது. மேகஸினை உருவு, தோட்டாவை ஒண்ணொண்ணா ஏத்து, சொருகு, ஸ்லைடை இழு. காலி குப்பி மாட்டிக்கிட்டா அதையும் நீங்கதான் எடுக்கணும். அவசரமா இடுப்புல சொருகினா சொந்தத் தொடைல சுட்டுக்குவீங்க. கேம்பருக்கு இதைத்தான் சிபாரிசு பண்றேன், சுடுற கை மாறணும்னு கேட்டாரே.

அல்ட்ராகில்: நாணயத்தைச் சுண்டி விட்டு ரிவால்வரால அதைச் சுட்டா, தோட்டா தெறிச்சு எதிரியைத் தேடிப் போகும். ஒளியவே முடியாது, எதிரி ரத்தம் மேல தெறிச்சாதான் உயிர் ஏறும்.

நியான் வைட் (2022): கைல இருக்கிற சீட்டு துப்பாக்கி. அதைத் தூக்கிப் போட்டா தாவல். சுடவா தாவவான்னு ஒவ்வொரு செகண்டும் முடிவு பண்ணணும்.

#15 காசிமேடு_கேம்பர்

சரி, தலைப்பைத் திருத்திச் சொல்றேன். அஞ்சாயிரம் ரூபா கேமோட கதைப் பகுதி உறைஞ்சு கிடக்கு, சின்ன டீமுங்க கலக்குறாங்க. இதுல இருந்து இறங்க மாட்டேன். வால்வ் 2020ல ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்ல தோளுக்குப் பின்னாடி கையை நீட்டி மேகஸின் எடுக்க வெச்சான். பெரிய கம்பெனில அது ஒண்ணுதான் நெனப்புக்கு வருது. அதுக்கும் விஆர் ஹெட்செட் வேணும்.

#16 கொருக்குப்பேட்டை_கூட்ஸ்

புதுசா வேணும்னா கட்டிப் பாக்கலாம். 1996 குவேக்குக்கு இன்னிக்கும் ஜனங்க மேப் பண்றாங்க, அதுல இருக்கிற தைரியம் கடைல விக்கிற கேம்ல இல்லை. அந்த 1050 டிஐயே அதிகம்.

மேப் வரைய டிரென்ச்ப்ரூம் எடிட்டர், வரைஞ்சதை கேம்ல ஓட வைக்க எரிக்டபிள்யூ-டூல்ஸ், ரெண்டும் இலவசம். குவேக் சொந்தமா இருக்கணும். எடிட்டர்ல கேம் ஃபோல்டரைக் காட்டுங்க, கிரிட் 16 வைங்க. தரை, கூரை, நாலு சுவர், ஒவ்வொண்ணும் 16 யூனிட் தடிமன். உள்ள இன்ஃபோ பிளேயர் ஸ்டார்ட் (ஆள் தொடங்குற இடம்) ஒண்ணு, லைட் ரெண்டு. அப்புறம் கியூபிஎஸ்பி (மேப்பைக் கட்டும்), விஸ் (எங்கிருந்து எது தெரியும்னு கணக்குப் போடும்), லைட் (வெளிச்சம் போடும்), இந்த வரிசைல கம்பைல்.

அளவுங்க மனசுல இருக்கட்டும். ஆள் 32 × 32 அகலம், 56 உயரம். படி 18 யூனிட் வரைக்கும் நடந்தே ஏறுவான், 19 வெச்சா முட்டி நிப்பான். 16 வெச்சா நிம்மதி. குதிக்கும் வேகம் 270, ஈர்ப்பு 800, கணக்குப்படி 45 யூனிட் எழும்புவான். குதிச்சு ஏறுற மேடை 40-ஐத் தாண்ட வேண்டாம். வாசல் 64-க்குக் குறைஞ்சா சண்டைல மாட்டிக்குவான்.

எதிரியை வைக்கிறதுலதான் ருசி. ஓகர்ங்கிற எதிரி குண்டு வீசும்போது உயர வித்தியாசத்தைக் கணக்குல எடுக்காது. அதனால எந்த உயரத்துல நிறுத்துறீங்கன்னு யோசிச்சு வைங்க. ஷாம்ளர்ங்கிற எதிரிக்கு வெடிகுண்டு அடி பாதிதான் ஏறும், அது விடுற மின்னல் பாஞ்சா விலகவும் நேரம் இல்லை. அந்த ரூம்ல தூண் இல்லன்னா அது சண்டை இல்லை, தண்டனை. சாம்பல் சொன்ன மாதிரி வாசல் ரெண்டு மூணு வைங்க.

#17 திருவொற்றியூர்_தேரடி

போட்டுப் பாத்தேன் அண்ணே. ரூம் நல்லா வந்துச்சு. வெளிய போற கதவு ஒண்ணு வெச்சதும் "லீக்"னு சொல்லி விஸ் ஓட மாட்டேங்குது. ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியலை.

#18 கொருக்குப்பேட்டை_கூட்ஸ்

கதவேதான் ஓட்டை. கதவு நகர்ற பொருள். மூடியிருந்தாலும் அது மேப்பை அடைக்கிறதா கியூபிஎஸ்பி எடுத்துக்காது. ஃபங்க் டீட்டெயில்னு (அலங்காரப் பகுதி) மாத்தின சுவரும் அப்படித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சின்ன ரூமோ, வெறும் சுவரோ கட்டி மூடுங்க.

அடுத்த தடவை தேட வேண்டாம். லீக் ஆனா மேப் பக்கத்துலயே பிடிஎஸ் கோப்பு ஒண்ணு உருவாகும். எடிட்டர்ல ஃபைல் மெனுல லோட் பாயின்ட் ஃபைல் குடுத்தா உள்ள இருக்கிற ஏதாவது ஒரு பொருள்ல இருந்து மேப்புக்கு வெளிப்பக்கம் வரைக்கும் கோடு போட்டுக் காட்டும். கோடு சுவரைத் தாண்டுற இடத்தைப் பெரிசாக்கிப் பாருங்க, ஒரு யூனிட் இடைவெளி இருந்தாலும் சிக்கும். மேப்புக்கு வெளிய தெரியாம விழுந்த லைட் ஒண்ணு இருந்தாலும் இதே பிழைதான் வரும்.

சிலர் மொத்த மேப்பையும் ஒரு பெரிய பெட்டிக்குள்ள வெச்சு மூடச் சொல்வாங்க. அதைச் செய்யாதீங்க. லீக் மறையும். ஆனா யாரும் பாக்காத வெளிப்பக்கச் சுவரெல்லாம் கணக்குல சேந்து, நிமிஷத்துல முடிய வேண்டிய விஸ் மணிக்கணக்குல ஓடும். கதவை மூடிட்டு மேப் கோப்பை இங்க போடுங்க, மிச்சத்தைப் பாக்கலாம்.